முகப்பில் பொறித்த பெயர்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில், ஊரிலிருந்து வந்த பித்தளை அடுக்கோ எவர்சில்வர் தூக்கோ ஒன்றேனும் இருக்கும். அதன் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக வெட்டிய ஒரு பெயர் தென்படும். அது பாட்டியின் பெயராகவோ சீர் கொடுத்த தாய்மாமனின் முதலெழுத்துக்களாகவோ இருக்கலாம். பாத்திரக் கடையில் விலை பேசி முடிந்ததும், ‘பெயர் வெட்ட வேண்டுமா?’ என்று கேட்பது நம்மவர் வழக்கம். சிற்றுளியும் சுத்தியலும் கொண்டு அங்கேயே ஒருவர் அமர்ந்து வெட்டித் தருவார். பிற்காலத்தில் அந்த உளியின் இடத்தை மின்சாரத்தால் அதிரும் ஊசி பிடித்துக்கொண்டது. கலியாண வீட்டில் நூறு பாத்திரங்கள் ஒன்றாகக் கலந்தபோது, எது எவருடையது என்று சொன்னது அந்தப் பெயர்தான்.

இன்று அதே தொழிலை ஒளியும் செய்கிறது. லேசர் என்னும் ஒளிக்கற்றை உளிபோல் நின்று எழுத்தைப் பொறிக்கிறது. அவ்வொளியைக்கொண்டு, கையால் செய்யப்படும் கிதார் ஆம்ப்ளிஃபயர்களின் முகப்புத் தகட்டில் எழுத்தும் இலச்சினையும் பொறிக்கும் முறையை இங்கே காண்போம். இதனை வெறும் அலங்கார வேலை என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாறன்று, கருவி செய்தவன் அதனைக் கையாள்பவனுக்குக் கொடுக்கும் வாக்குமூலம் அத்தகடு.

முதலில் கருவியை அறிந்துகொள்வோம். மின்சார கிதாரில் எஃகுக் கம்பிகள் பூட்டப்பட்டுள்ளன. கம்பி அதிரும்போது அதன் அடியிலுள்ள காந்தச் சுருளில் மிக மெல்லிய மின்சாரம் எழுகிறது. அது ஸ்பீக்கரை இயக்கப் போதாது. அதனைப் பன்மடங்கு பெருக்கித் தருவதே ஆம்ப்ளிஃபயரின் வேலை. பழைய வானொலிப் பெட்டிகளின் உள்ளே செந்நிறமாக ஒளிர்ந்த வால்வுகளை நம்மிற் சிலர் கண்டிருக்கலாம். வானொலிப் பெட்டியிலிருந்து அவை மறைந்துவிட்டன. கிதார் ஆம்ப்ளிஃபயரிலிருந்து மறையவில்லை. வால்வுகளை அவற்றின் எல்லைக்கு அப்பால் இயக்கும்போது ஒலியில் ஏற்படும் ஒருவகைக் கரகரப்பைக் கிதார் வாசிப்போர் விரும்பிக் கேட்கின்றனர். ஆகவே, தொழிற்சாலைகள் செய்பவை போக, ஒவ்வொன்றாகக் கையாற் பற்றவைத்துச் செய்யும் தனிக் கைவினைஞர்களும் பல நாடுகளில் இருக்கின்றனர்.

இக்கருவியின் முகத்தில் ஐந்தாறு குமிழ்கள் வரிசையாக நிற்கும். தோற்றத்தில் அவை யாவும் ஒன்றே. ஒன்று ஒலியின் அளவைக் கூட்டும். ஒன்று உச்ச ஒலியைக் கூட்டும். மற்றொன்று தாழ்ந்த ஒலியைக் கூட்டும். எது எதைச் செய்யும் என்பதை எழுத்துத்தான் சொல்ல வேண்டும். பின்புறத்திலோ எழுத்தின் பொறுப்பு இன்னும் பெரிது. ஸ்பீக்கரைச் செருகும் துளைகளுக்கு அருகில் 4, 8, 16 என்று ஓம் அளவுகள் இருக்கும். ஸ்பீக்கரே இணைக்காமலோ, பொருந்தாத அளவில் இணைத்தோ வால்வு ஆம்ப்ளிஃபயரை இயக்கினால், அதன் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் பழுதாகக்கூடும். அமெரிக்காவின் 120 வோல்ட் மின்சாரத்துக்கென மட்டும் செய்த கருவியை நம் நாட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் செருகினாலோ, அந்த நொடியே அதன் ஆயுள் முடிந்துவிடலாம். எத்தனை வோல்ட், எந்த அளவு ஃபியூஸ் என்ற இரண்டு சொற்கள் அங்கே தெளிவாக இருந்திருந்தால் நேராத நஷ்டம் இது.

தகட்டின் வரலாற்றிலும் சுவையான செய்திகள் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவர் 1946-இல் தொடங்கிய நிறுவனம் கிதார்களுக்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்கும் பெயர் பெற்றது. 1950-களில் அங்கே செய்யப்பட்ட ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒட்டிய சிறு காகித நாடா ஒன்றில், கம்பிகளைப் பற்றவைத்த தொழிலாளியின் பெயர் கையால் எழுதப்பட்டிருப்பதைப் பலவற்றில் காணலாம். வெளி முகப்பில் முதலாளியின் பெயர். உள்ளே வேலை செய்த கையின் பெயர். பழுது வந்தால் யாரிடம் கேட்பது என்பதற்கு அந்த நாடாவே சாட்சி.

இரண்டாவது செய்தி இங்கிலாந்தைச் சேர்ந்தது. லண்டனின் மேற்குப் பகுதியான ஹான்வெல்லில் இசைக் கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், அடிப்படையில் ஒரு டிரம் வாத்தியக்காரர். அவரும் அவருடைய துணைவர்களும் 1962-இல், ஃபெண்டர் நிறுவனத்தின் ‘பாஸ்மேன்’ என்னும் ஆம்ப்ளிஃபயரை முன்மாதிரியாகக் கொண்டு தம் முதற் கருவியைச் செய்தனர். 1960-களின் நடுவிலிருந்து அவர்களுடைய கருவிகளின் முகப்பு, பின்புறம் பொன்வண்ணம் தீட்டிய ‘பிளெக்ஸிகிளாஸ்’ என்னும் அக்ரிலிக் தகட்டால் ஆயிற்று. 1969-இல் அதனை விட்டு அலுமினியத் தகட்டுக்கு மாறினர். ஆயினும் அக்காலத்துக் கருவிகளையும் அவற்றின் ஒலியையும் இசைவாணர்கள் இன்றளவும் ‘பிளெக்ஸி’ என்றே குறிப்பிடுகின்றனர். ஒலியைப் பெருக்குவதில் அத்தகட்டுக்கு யாதொரு பங்கும் இல்லை. ஆனால் அந்த ஒலிக்கே அது பெயராகிவிட்டது.

நூற்றுக்கணக்கில் செய்யும் தொழிற்சாலைக்கு எழுத்துப் பதிப்பது எளிது. பட்டுத்திரை அச்சு முறையில் ஒரு திரையைத் தயாரித்துவிட்டால், ஒன்றன்பின் ஒன்றாகத் தகடுகளை அச்சிடலாம். ஒரே ஒரு கருவி செய்பவனுக்கோ, அந்த ஒன்றுக்காகத் திரை தயாரிப்பது கட்டுப்படியாவதில்லை. ஆகவே தனிக் கைவினைஞர் பலர், தேய்த்து ஒட்டும் எழுத்துக்களை வரிசையாக ஒட்டி மேலே வார்னிஷ் பூசினர். சில மாதங்கள் விரல் பட்டதும் அவை உதிர்ந்தன. அச்செழுத்தின் மேல் ஒரு முனையை நகர்த்த, மறுமுனை தகட்டில் செதுக்கும் பாண்டோகிராஃப் யந்திரமும் இருந்தது. அது நெடுநாள் நிலைக்கும் எழுத்தைத் தந்தது. எனினும் அச்செழுத்து எந்த வடிவில் உண்டோ அந்த வடிவில் மட்டுமே எழுதலாம். லேசர் இந்தத் தடைகளை நீக்கியது. அதற்குத் திரையும் வேண்டாம், அச்சும் வேண்டாம். கம்ப்யூட்டரில் வரைந்த படமே அச்சு. ஒன்று செய்வதற்கும் நூறு செய்வதற்கும் முன்தயாரிப்பு ஒன்றுதான்.

லேசருக்கு அடிப்படையான தத்துவத்தை ஐன்ஸ்டைன் 1917-இல் எடுத்துரைத்தார். கிளர்ச்சியுற்ற அணுவின்மீது தக்க ஒளி படும்போது, அவ்வணு அதே வகையான ஒளியைத் தானும் வெளிவிடும் என்பதே அது. இவ்வாறு ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகும் ஒளி ஒரே நிறமும் ஒரே திசையும் ஒரே தாளமும் கொண்டது. இத்தத்துவத்தைக்கொண்டு தியோடர் மைமன் 1960 மே 16-ஆம் நாள், கலிபோர்னியாவில், செயற்கை மாணிக்கக் கல் ஒன்றிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார்.

எனினும் இன்று தகடு பொறிக்கும் பட்டறைகளில் பெரிதும் வழங்குவது மாணிக்க லேசர் அன்று. கரியமில வாயு லேசர். அதனைக் கண்டவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவது. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1938-இல் பிறந்து, புனே பொறியியற் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற குமார் பட்டேல், பெல் ஆய்வுக்கூடத்தில் 1964-இல் இதனை உருவாக்கினார். குழாய் ஒன்றினுள் கரியமில வாயுவை நைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றுடன் சேர்த்து அடைத்து மின்சாரம் பாய்ச்சினால், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி எழுகிறது. அதன் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 10.6 பங்கு. மரம், காகிதம், தோல், அக்ரிலிக் போன்ற பொருள்கள் இந்த ஒளியை நன்கு உறிஞ்சிக்கொள்ளும். ஆடிகளாலும் வில்லையாலும் அதனை ஒரு முனையில் குவித்தால், குவிந்த இடத்திலுள்ள பொருள் கணத்தில் ஆவியாகிப் பள்ளம் விழுகிறது. கம்ப்யூட்டர் அந்த முனையை எங்கே கொண்டுசெல்கிறதோ அங்கே எழுத்துத் தோன்றுகிறது.

தகட்டுக்கு எப்பொருளைக் கொள்வது என்பதே கைவினைஞன் முதலில் முடிவு செய்ய வேண்டியது. எளிதானது ஈரடுக்குப் பிளாஸ்டிக் தகடு. அதன் மேல் அடுக்கு மிக மெல்லியது. கீழ் அடுக்கு வேறு நிறம். மேலடுக்கை லேசர் அகற்றியதும் கீழ் நிறம் எழுத்தாகத் தெரியும். அதற்குமேல் வண்ணம் தீட்ட வேண்டியதில்லை. அலுவலகக் கதவுகளில் நாம் காணும் பெயர்ப் பலகைகள் பல இத்தகையவை.

அழகில் மேலானது, தெளிந்த அக்ரிலிக்கின் பின்புறத்தில் பொறிப்பது. எழுத்தை இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் பின்பக்கத்தில் பொறிக்க வேண்டும். பொறிக்கும் முன்பே அப்பக்கத்தின்மேல் ஒட்டுக்காகிதம் பரப்பிவிட வேண்டும். பொறித்ததும், அந்தப் பள்ளங்களில் கருவண்ணத்தை நிரப்பி உலரவிட்டு, காகிதத்தை உரித்துவிட்டு, முழுப் பரப்பிலும் பொன்வண்ணத்தைத் தீட்டினால், முன்னிருந்து பார்க்கும்போது பொன்னின்மேல் கரிய எழுத்துத் தெரியும். எழுத்து உள்ளே பத்திரமாக இருப்பதால் எத்தனை ஆண்டு விரல் பட்டாலும் தேயாது. இவ்வேலைக்கு வார்ப்பு அக்ரிலிக்கே ஏற்றது. அதில் பொறித்த இடம் பனி படிந்தாற்போல் வெண்மையாகும். அச்சில் பிதுக்கிச் செய்த அக்ரிலிக்கோ உருகி, தெளிவற்ற கோடுகளையே தரும். பொறித்த அக்ரிலிக்கை ஸ்பிரிட் கொண்டு துடைப்பதும் கூடாது. நுண்ணிய விரிசல்கள் ஓடிவிடும். சோப்பு நீரும் மெல்லிய துணியுமே போதும். விலை மலிந்த சிறு யந்திரங்களில் வரும் நீல ஒளி லேசர் இவ்வேலைக்கு உதவாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். கண்ணாடி வழியே வெயில் போவதுபோல் அவ்வொளி தெளிந்த அக்ரிலிக்கை ஊடுருவிப் போய்விடும்.

உலோகம் வேண்டுவோர்க்குச் சாயமேற்றி அனோடைஸ் செய்த அலுமினியம் நல்லது. அதன் மேற்பரப்பிலுள்ள சாயத்தைக் கரியமில வாயு லேசர் வெளுக்கச் செய்து, கரிய தகட்டில் வெளிர்ந்த எழுத்தைத் தருகிறது. வெறும் உலோகத்தின்மேல் அவ்வொளியைப் பாய்ச்சினால் பெரும்பகுதி திரும்பி எதிரொளித்துவிடும். வெறும் உலோகத்தில் பொறிக்க, அலைநீளம் பத்தில் ஒரு பங்கான ஃபைபர் லேசர் வேண்டும். அனோடைஸ் செய்த தகட்டில் மற்றொரு நுட்பமும் உண்டு. அந்த மேற்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே, திருகாணியால் பிணைத்துவிட்டோம், தகடு எர்த் ஆகிவிட்டது என்று எண்ணியிருப்பது தவறு. பிணைக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டி, உட்சட்டத்தோடு உலோகம் உலோகத்தைத் தொடுமாறு செய்தல் வேண்டும்.

லேசர் யந்திரத்தில் ஒருபோதும் வைக்கக் கூடாத பொருளும் ஒன்றுண்டு. அது வினைல் எனப்படும் பி.வி.சி. சுட்டால் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். அவ்வாயு ஈரம் பட்ட இடத்தில் அமிலமாகி, யந்திரத்தை அரிக்கும், மூச்சுக்குழலையும் புண்ணாக்கும். கிதார் ஆம்ப்ளிஃபயரின் பெட்டியைப் போர்த்தும் தோல்போன்ற உறை பெரும்பாலும் வினைலே. தகட்டில் நன்றாக வந்த இலச்சினையை அந்த உறையின்மேலும் பொறித்துவிடலாமே என்னும் ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசைக்கு இடங்கொடுக்கலாகாது.

இனி வரைபடத்துக்கு வருவோம். அவசரப்படுவோர் தவறுவது இங்கேதான். உட்சட்டத்தில் துளைகள் இருக்கும் இடங்களை அளந்து வரைந்தபின், முதலில் அதே அளவில் காகிதத்தில் அச்சிட்டு, கருவியின்மேல் வைத்துக் குமிழ்களையும் பொருத்திப் பார்க்க வேண்டும். எண்கள் குமிழின் அடியில் மறைந்துபோவதை அப்போதே கண்டுகொள்ளலாம். காகிதம் ஒன்று வீணாவது தகடு ஒன்று வீணாவதைவிட மேல்.

குமிழைச் சுற்றி எண்ணிடுவதற்கும் கணக்கு உண்டு. குமிழ் முழு வட்டமாகச் சுழல்வதில்லை. வழக்கமாக ஏறத்தாழ 300 பாகையே சுழலும். 0 முதல் 10 வரை எண்ணிட்டால், அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 30 பாகை. கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையிலுள்ள தூரமும் அதுவே. ஆகவே 7 மணி இருக்கும் இடத்தில் 0, 12 மணி இடத்தில் 5, 5 மணி இடத்தில் 10 என்று அமைந்துவிடும். வேறு அளவு சுழலும் குமிழாயின், அதனை அளந்து அவ்வாறே வகுக்க வேண்டும்.

ஒளிக்கும் கனம் உண்டு என்பதை மறத்தலாகாது. அது வெட்டிச் செல்லும் கோட்டில் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை பொருள் கரைந்துபோகும். அதனால் துளை சிறிது பெரிதாகவும், தகடு சிறிது சிறிதாகவும் அமையும். முதலில் எழுத்தைப் பொறித்து, அடுத்துத் துளைகளை வெட்டி, கடைசியாகவே வெளி விளிம்பை வெட்டுவது முறை. விளிம்பை முதலில் வெட்டினால் தகடு சிறிது அசைந்து, எழுத்துக்கள் கோணலாகிவிடும். ஒளியின் வலிமையும் நகரும் வேகமும் எவ்வளவு என்பதை, அதே பொருளின் துண்டு ஒன்றில் சிறு சிறு கட்டங்களாகப் பொறித்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

தமிழில் எழுத விரும்புவோர் இரண்டு செய்திகளைக் கவனித்தல் நலம். வரைபடம் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது எழுத்துருவும் உடன் போவதில்லை. ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறிவிடக்கூடும். ஆகவே எழுத்துக்களை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிய பின்பே பட்டறைக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது, மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்தை மிகச் சிறிதாக்கினால் புள்ளி ஒளிமுனையின் அளவாகிவிடும். வண்ணம் நிரப்பும்போது தூர்ந்தும் போகும். புள்ளி போனால் ‘தாழ்’ என்பது ‘தாழ’ ஆகிவிடும். தமிழுக்குச் சற்றுப் பெரிய எழுத்தே தக்கது.

அபாயங்களையும் சொல்லாமல் விடுவது முறையன்று. கரியமில வாயு லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கருவிழியைச் சுட்டுவிடும். ஃபைபர் லேசரின் ஒளியோ கருவிழியைக் கடந்து விழித்திரையைத் தாக்கும். யந்திரத்தின் மூடியைத் திறந்துவைத்து வேலை செய்யலாகாது. அக்ரிலிக் எளிதில் தீப்பற்றும். ஆதலால் வேலை முடியும்வரை ஆள் அருகிலிருக்க வேண்டும். புகையைக் குழாய் வழியே வெளியேற்ற வேண்டும். தகட்டைக் கருவியில் பொருத்தும்போது வேறோர் அபாயம் காத்திருக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபயரினுள் 300 முதல் 450 வோல்ட் வரை மின்னழுத்தம் இருப்பது வழக்கம். செருகியைப் பிடுங்கிய பின்பும் அதன் மின்தேக்கிகள் அதைத் தேக்கிவைத்திருக்கும். முறையறிந்தவர் அதனை வெளியேற்றி, மீட்டரால் அளந்து உறுதி செய்த பிறகே கை வைக்கலாம்.

இறுதியாக இலச்சினை பற்றி ஒரு சொல். எந்த வடிவத்தையும் எளிதில் பொறிக்கும் வசதி வந்ததும், புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரையே தம் கருவியில் பொறித்துக்கொள்ளும் சபலமும் வந்துவிட்டது. விற்பனைக்குரிய கருவியில் அவ்வாறு செய்வது, நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறம் இருக்க, அதனால் விளையும் தீங்கையும் எண்ண வேண்டும். அக்கருவி கைமாறிக் கைமாறிச் செல்லும். பத்தாண்டு கழித்து அதனைத் திறக்கும் பழுதுபார்ப்பவர், முகப்பிலுள்ள பெயரை நம்பி, அந்த நிறுவனத்தின் மின்வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உள்ளே கை வைப்பார். உள்ளே இருப்பதோ வேறு. அங்கே தவறான எழுத்து ஆளையே தாக்கக்கூடும்.

மார்ஷலின் கதையை மீண்டும் நினைவுகூர்வோம். அவர்கள் கைக்கொண்டது பிறருடைய மின்சுற்றை. ஆனால் முகப்பில் இட்டது தம் பெயரை. நன்றாயிருந்தால் புகழும், கெட்டுப்போனால் பழியும் அந்தப் பெயருக்கே சேரும் என்று அறிந்தே இட்டனர். சிறு கைவினைஞன் செய்ய வேண்டியதும் அதுவே. முன்னே தன் பெயர், பின்னே வோல்ட், ஃபியூஸ், ஓம் அளவுகள், உள்ளே செய்த ஆண்டும் வரிசை எண்ணும் என்று பொறித்துவிட்டால், அந்தக் கருவி எந்த ஊருக்குப் போனாலும் அநாதையாகாது.

பித்தளை அடுக்கின் விளிம்பில் உள்ள பெயரைப் பொறித்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்டறிந்த பெயரையே வெட்டினார். பாத்திரம் இன்னும் உரியவர் வீட்டில் இருக்கிறது. உளி போய் ஒளி வந்த காலத்திலும், பொறிப்பவன் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்தப் பெயர் இதற்கு உரியது என்பதையே.